அமெரிக்கத் தெற்கின் சீர்சக்கர் கோட்டு: வெயிலுக்குத் தைத்ததா, பண்ணையார் வேடமா?

உப்புக்காற்று:

போன ஜூனில் சார்ல்ஸ்டனில் ஆபீஸ் நண்பர் ஒருவரின் கல்யாணம். ஆற்றங்கரையில், ஓக் மரத்தடியில், சாயங்காலம் நாலு மணிக்கு. என் கல்யாணத்துக்கு ஊரில் தைத்த கறுப்புக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மோதிரம் மாற்றி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கோட்டைக் கழற்றினால் ஈரம் ஊருக்கே தெரியும், கழற்றாவிட்டால் மயக்கம் வரும் போலிருந்தது. பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளையின் தாத்தா. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நீலமும் வெள்ளையுமாகப் பொடிக்கோடு போட்ட சீர்சக்கர் கோட்டும் பேன்ட்டும், தானே முடிந்த போ டை, வெள்ளைத் தோல் ஷூ. அவர் கைக்குட்டையை ஒருமுறைகூட வெளியே எடுக்கவில்லை. என் நிலையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி, தொட்டுப் பார் என்றார். பொரித்த அப்பளம் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது துணி. கோட்டின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். தோள்பட்டையைத் தவிர உள்ளே லைனிங்கே இல்லை.

அன்றிலிருந்து இதைத் தேடித் தேடிப் படிக்கிறேன். கோட்டு சூட் என்று எடுத்துக்கொண்டால், வெயில் ஊரில் மரியாதையாக உடுத்துவதற்கு அமெரிக்கத் தெற்கின் கோடை உடையை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கட்சி. சீர்சக்கர், லினன், பாப்ளின், மெட்ராஸ் கட்டம், ஓலைத் தொப்பி, எல்லாமே வெக்கையை மனதில் வைத்து வந்தவை. நியூ ஆர்லியன்ஸில் ஜோசப் ஹாஸ்பெல் 1909-இல் சீர்சக்கரில் சூட் தைக்கத் தொடங்கினார். ஃபுளோரிடாவில் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் சூட்டோடு கழுத்தளவு கடலில் இறங்கி, அதைக் காயப்போட்டு, ராத்திரி விருந்துக்கும் அதையே போட்டுக்கொண்டு போனார் என்று அவர்கள் நிறுவனத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். தெற்கில் இருக்கிற நம் ஆட்கள் ஜூன், ஜூலையில் பாலியஸ்டர் கோட்டுக்குள் வேகிறோம். இதை எடுத்துக்கொண்டால் என்ன?

வெள்ளாமை:

தம்பி, துணியோடு எனக்கு வழக்கு இல்லை. 'மரியாதையாக' என்று ஒரு சொல் போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் நிற்கிறேன். அலபாமாவுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. வெள்ளைக் கோட்டு, கையில் வெள்ளிக் கோப்பை, தாழ்வாரத்தில் ஊஞ்சல் என்று இங்கே ஒரு படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். பருத்தி பறித்த கை அந்தப் படத்தில் இருக்காது.

தெற்கில் உடை வெயிலுக்காக மட்டும் வரவில்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டவும் வந்தது. 1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றோரம் அடிமைகள் கிளர்ந்தார்கள். அடுத்த வருஷமே ஒரு சட்டம் வந்தது. அடிமைகள் உடுத்தலாம் என்று சில முரட்டுத் துணிகளைப் பெயர் சொல்லி எழுதி, அதைவிட உசத்தியாக உடுத்தினால் பிடுங்கிக்கொள்ளலாம் என்றது அந்தச் சட்டம். முரட்டுக் காலிகோவும் கட்டம் போட்ட பருத்தியும் அந்தப் பட்டியலில் உண்டு. காலிகோ என்ற பெயரே கோழிக்கோட்டிலிருந்து வந்தது. நீங்கள் கல்யாணத்துக்குப் போன சார்ல்ஸ்டன்தான் அப்போது அந்தக் காலனியின் தலைநகரம்.

இது பழைய கதை என்றால் புதிய கதை சொல்கிறேன். அமெரிக்க செனட்டில் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை எல்லாரும் சீர்சக்கர் போட்டு வருகிற வழக்கத்தை 1996-இல் தொடங்கியவர் மிசிசிப்பி செனட்டர் டிரென்ட் லாட். 1948-இல் நிறப்பிரிவினைக்காகவே ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர் ஸ்ட்ராம் தர்மண்ட். அவர் அன்றே ஜெயித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற பொருளில் 2002 டிசம்பரில் பேசி, செனட் தலைமைப் பதவியை விட்டு விலக நேர்ந்தவரும் இதே லாட்தான். கோட்டு ஒரு பக்கம், அந்த ஏக்கம் ஒரு பக்கம் என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தறிச்சத்தம்:

நான் கரூர்க்காரி. அப்பா விசைத்தறி ஓட்டினார். இப்போது சார்லட்டில் இருக்கிறேன். துணி எப்படி நெய்கிறார்கள் என்று யாருமே சொல்லாமல் விவாதம் போகிறதே என்றுதான் எழுதுகிறேன்.

சாதாரணத் தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், முழுவதும் ஒரே பீமிலிருந்து (நூல் சுற்றிய உருளை) ஒரே இழுப்பில் வரும். சீர்சக்கருக்கு இரண்டு பீம் வேண்டும். ஒன்று விறைப்பாக இழுத்துப் பிடிக்கும். இன்னொன்று தளர்வாக, கூடுதல் நூலை விட்டுக்கொண்டே இருக்கும். குறுக்கு நூலான ஊடையை அடித்து நெருக்கும்போது விறைப்பான பட்டை தட்டையாகப் படியும், தளர்ந்த பட்டை கொப்பளித்துக்கொள்ளும். அந்தக் கொப்பளம் மட்டும்தான் உடம்பில் படும். மீதித் துணி தோலைத் தொடாமல் நிற்கும், இடையில் காற்று ஓடும். ஓடுகிற பாவில் இரண்டு இழுப்பையும் ஒரே சீராக வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தறியை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். நல்ல சீர்சக்கர் விலை கூடுதலாக இருப்பதற்கு அதுவும் காரணம்.

பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. ஷீர் ஓ ஷக்கர் என்றால் பாலும் சர்க்கரையும். வழவழ பட்டை பால், சொரசொர பட்டை சர்க்கரை. நம் சர்க்கரைக்கும் அந்த ஷக்கருக்கும் ஒரே வேர். இந்தியாவிலிருந்து ஆங்கிலேய வணிகர்கள் கொண்டுபோன துணி இது.

வெள்ளாமை அண்ணா, இது ஆரம்பத்தில் கனவான்கள் துணியே இல்லை. மலிவானது, துவைத்து உதறிப் போட்டால் போதும், அதனால் வேலை செய்கிறவர்கள் உடுத்தினார்கள். ஆஸ்பத்திரியில் உதவிக்கு வந்த பெண்களின் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஏப்ரன் இதே வகைத் துணி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரீன் படைப் பெண்களின் கோடைச் சீருடை, பச்சையும் வெள்ளையும் கோடு போட்ட சீர்சக்கர். 1920-களில் பிரின்ஸ்டன் மாணவர்கள் எடுத்து உடுத்தத் தொடங்கிய பிறகுதான் பணக்காரர்கள் பக்கம் மவுசு வந்தது. பண்ணையார் துணி என்று நாமே முத்திரை குத்தினால், நெய்தவர்களுடையதையும் உழைத்தவர்களுடையதையும் பண்ணையாருக்கே தாரை வார்த்ததாகிவிடும்.

குதிரைலாடம்:

கென்டக்கியின் லூயிவில்லில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். மே மாதம் முதல் சனிக்கிழமை வந்தால் ஊரே டெர்பி குதிரைப் பந்தயத்துக்கு உடுத்தும். பெண்களுக்குத் தொப்பி, ஆண்களுக்கு வெளிர்நிறக் கோட்டு. கோடை வெள்ளையை மே கடைசித் திங்களான மெமோரியல் டேக்கு அப்புறம்தான் எடுக்கலாம், செப்டம்பர் முதல் திங்களான லேபர் டேயோடு மடித்து வைத்துவிட வேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். இங்கே அது செல்லாது. ஈஸ்டர் முடிந்ததுமே சீர்சக்கர் வெளியே வந்துவிடும்.

முதல் வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவர் மின்ட் ஜூலெப் செய்து கொடுத்தார். சர்க்கரைப் பாகு, புதினா, போர்பன் விஸ்கி, கோபுரமாகக் குவித்த பொடி ஐஸ். வெள்ளிக் கோப்பையின் வெளிப்புறம் வெண்பனி படர்ந்துவிட்டது. டம்ளரைப் பிடிப்பது மாதிரி உள்ளங்கையால் பிடித்தேன். அவர் என் விரல்களை எடுத்து விளிம்பிலும் அடியிலுமாக மாற்றி வைத்தார். அணைத்துப் பிடித்தால் பனி உருகிவிடுமாம்.

வெள்ளாமை அண்ணே, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. இங்கே அதற்கு இன்னும் நேரான காரணம் இருக்கிறது. 1875-இல் நடந்த முதல் டெர்பியில் ஓடிய பதினைந்து ஜாக்கிகளில் பதின்மூன்று பேர் கறுப்பினத்தவர். ஜெயித்த குதிரை ஆரிஸ்டைடிஸ், அதை ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ். ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 என மூன்று முறை ஜெயித்தார். ஜிம்மி விங்க்ஃபீல்ட் 1901-லும் 1902-லும் ஜெயித்தார். அதற்கப்புறம் ஒரு கறுப்பின ஜாக்கியும் டெர்பியை ஜெயிக்கவில்லை. கூலி உயர்ந்ததும், பெயர் கிடைத்ததும், அவர்களை நெருக்கி வெளியே தள்ளினார்கள். நான் வருஷா வருஷம் கோட்டு போட்டுக்கொண்டுதான் போகிறேன். மகளிடம் இந்தப் பெயர்களையும் சொல்லித்தான் கூட்டிப் போகிறேன். மைதானத்தை விட்டு நாம் விலகிவிட்டால் மர்ஃபியின் பெயரை யார் சொல்வார்கள்?

மயிலைக்காரன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சென்னையிலிருந்து எழுதுகிறேன். 2014-இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை இங்கே ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அதே வருஷம், வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டி வந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன விதியை நாற்பது டிகிரி வெயிலில் நம் ஆட்களே காத்து நின்றார்கள். அங்கே குடியேறிய தமிழர் வேட்டி கட்டிக்கொண்டு போனால் என்ன? அதைவிடக் காற்றோட்டமான உடை உண்டா?

உப்புக்காற்று:

மயிலைக்காரரே, தீபாவளிக்கு ஆபீசுக்கே வேட்டியில் போயிருக்கிறேன். ஆனால் இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்தில் அந்த வீட்டார் உடுத்துவது போல உடுத்திப் போவதிலும் ஒரு அன்பு இருக்கிறது. அவர்கள் நம் வீட்டுக்குப் பட்டுப்புடவை கட்டி வந்தால் நாம் எவ்வளவு சந்தோஷப்படுகிறோம்!

வெள்ளாமை அண்ணே, 1740 சட்டம் எனக்குத் தெரியாது. படித்ததும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆனாலும் என் கட்சியை விடமாட்டேன். நன்றாக உடுத்துவது வெள்ளையர் சொத்தாக ஒருநாளும் இருந்ததில்லை. நியூ ஆர்லியன்ஸில் 1786-இல் ஸ்பானிய ஆளுநர் மீரோ, கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்று ஆணை போட்டார். அடக்கி வைப்பதுதான் நோக்கம். அவர்கள் பளீரென்ற மெட்ராஸ் கைக்குட்டைத் துணியை எடுத்து, கிரீடம் மாதிரி உயர்த்திக் கட்டினார்கள். நம் கரையில் நெய்து போன துணி அது. ஆணை தோற்றது, கட்டு நிலைத்தது. 1960 பிப்ரவரி 1, கிரீன்ஸ்பரோவில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கவுண்டரில் போய் உட்கார்ந்த நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் எப்படி உடுத்திப் போனார்கள் என்று பாருங்கள். தெற்கின் ஆண் உடை என்றால் முதலில் ஞாபகம் வர வேண்டியவர்கள் அவர்கள். டிரென்ட் லாட் அப்புறம்தான். அந்த செனட் வியாழக்கிழமையையும் கலிஃபோர்னியாவின் டயான் ஃபைன்ஸ்டைன் சக பெண் உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு அவர்களுடைய நாளாகவும் ஆக்கவில்லையா?

வெள்ளாமை:

தம்பி, கிரீன்ஸ்பரோவை நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த நால்வரும் உடுத்தியது ஓய்வுக்கு இல்லை. அடி விழும் என்று தெரிந்து, ஒரு பொத்தானில்கூடக் குறை சொல்ல முடியாதபடி உடுத்திப் போனார்கள். அது கவசம். நாம் இங்கே பேசுவது கோடை ஓய்வை. காலாட்டிக்கொண்டு ஊஞ்சலில் இருப்பதை, கடலில் இறங்குவதை.

ஹாஸ்பெல் சூட்டோடு கடலில் இறங்கிய கதையை ரசித்துச் சொன்னீர்கள். இன்னொரு கடல் கதையும் கேளுங்கள். மிசிசிப்பியில் பிலாக்சி என்ற ஊர், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமான மணல் கரை. அரசாங்கப் பணத்தில் கொட்டிய மணல். கறுப்பினத்தவர் அதில் கால் வைக்கக் கூடாது. 1959 மே மாதம் கில்பர்ட் மேசன் என்ற மருத்துவர் சில பேரோடு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, கடலில் இறங்கினார். போலீஸ் விரட்டியது. 1960 ஏப்ரல் 24 அன்று நூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒரு வெள்ளைக் கும்பல் சங்கிலியும் கட்டையுமாக வந்து அடித்தது. அவர்கள் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குளியல். ஒருவர் கடலில் இறங்கினால் விற்பனைக் கதை, இன்னொருவர் இறங்கினால் மண்டை உடையும். தெற்கின் கோடை ஓய்வு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு முதலில் அந்தக் கரைதான் கண்ணில் வரும். வராமல் இருக்கவும் கூடாது என்று நினைக்கிறேன்.

தெற்கில் எனக்குப் பிடித்தது நிறைய இருக்கிறது. கோடையில் சாலையோரத்தில் உப்புப் போட்டு வேகவைத்த வேர்க்கடலை விற்பார்கள், முதல் தடவை தின்றபோது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருந்தது. தாழ்வாரத்தின் கூரைக்கு வெளிர்நீலம் அடிப்பார்கள். ஆவி தண்ணீரைத் தாண்டாது என்று நம்பிய, 'கல்லா' (Gullah) என்ற கடற்கரைக் கறுப்பின மக்கள் கொடுத்தது அது. என் வீட்டுத் தாழ்வாரத்துக்கும் அதைத்தான் அடித்திருக்கிறேன். வெள்ளை சூட் மட்டும் என் உடம்பில் ஏறாது. தறிச்சத்தம் அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு, அந்தத் துணியில் அரைக்கைச் சட்டை போடலாம் என்று தோன்றுகிறது. அதற்கு மேல் என்னை இழுக்காதீர்கள்.

தறிச்சத்தம்:

சட்டையே போதும் அண்ணா. வாங்கும்போது ஒன்று பாருங்கள். பிளிசே என்று சீர்சக்கர் மாதிரியே இருக்கும் ஒரு துணி கடையில் கிடைக்கும். அதில் சுருக்கம் தறியில் வந்ததில்லை. காஸ்டிக் சோடாவைப் பட்டை பட்டையாகத் தடவிச் சுருங்க வைத்திருப்பார்கள். இஸ்திரி போட்டால் அமுங்கிப்போகும், துவைக்கத் துவைக்கத் தட்டையாகும். கொப்பளம் துணியின் நீளவாக்கில், கோடு கோடாக, விளிம்பு வரைக்கும் சீராக ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓடினால் தறிச் சுருக்கம். அதற்கு இஸ்திரியே வேண்டாம், ஹேங்கரில் ஈரத்தோடு மாட்டினால் காலையில் போட்டுக்கொண்டு போகலாம்.