சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில்: அம்மாவோடு போக எந்த நேரம் நல்லது?

மலைக்கோட்டை:
ஐப்பசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் வருகிறேன். தங்குவது லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம். வீரமாகாளியம்மன் கோவில் நடக்கிற தூரம்தான், அதில் கவலை இல்லை. ஆனால் அம்மாவுக்கு யாரோ, சைனாடவுனில் இருக்கும் மாரியம்மன் கோவில்தான் அங்கே ரொம்பப் பழசு என்று சொல்லிவிட்டார்கள். பார்க்காமல் திரும்பக் கூடாதாம். அவருக்கு முழங்கால் வலி வேறு. சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவில் நிம்மதியாகக் கும்பிட முடியுமா?

கிளமெண்டி வாசி:
லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஊதா லைன் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். பகோடா ஸ்ட்ரீட் வழியாக வெளியே வந்து நேராக நடந்தால் தெரு முடிகிற இடத்தில் கோவில். முட்டி வலி என்றால் டாக்சியே பிடித்துவிடுங்கள், வாசலிலேயே இறங்கலாம்.

தஞ்சோங் பகார் அக்கா:
தம்பி, கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்க. என் அப்பா அம்மா கல்யாணம் அங்கேதான் நடந்தது. அந்தக் காலத்தில் இந்துத் திருமணம் நடத்தி வைக்க இங்கே அந்த ஒரு கோவிலுக்குத்தான் அதிகாரம். அதனால் நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நடை திறக்கும்போது போங்க. காலையில் ஏழிலிருந்து பன்னிரண்டு வரை திறந்திருக்கும்தான், ஆனால் பத்து மணிக்கு மேல் பிராகாரத் தரை சுட ஆரம்பித்துவிடும். மேலே திறந்தவெளி, காலில் செருப்பு கிடையாது. நம்ம ஆட்களே ஓட்டமும் நடையுமாகத்தான் சுற்றுவார்கள். அம்மாவுக்கு அது ஆகாது. அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கிப் பேர், நட்சத்திரம் சொன்னால் போதும், நம்ம ஊர் முறைதான்.

வருகிறவர்களில் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் நின்று கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். கோவில் 1827இல் வந்தது. இந்தக் கோபுரம் 1925இல்தான் எழுந்தது. சிங்கப்பூரை ஆங்கிலேயர் ஊராக்கிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து 1819இல் வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை வைத்துப் பிழைத்தவர், அவர்தான் முன்னின்று கட்டினார். தெலுக் ஆயர் பக்கம் முதலில் கொடுத்த இடத்தில் பூஜைக்கு நல்ல தண்ணீர் கிடைக்காமல் இங்கே மாறினார்கள். செங்கல் வியாபாரி கட்டிய கோவில் முதலில் வெறும் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும்தான், பாருங்க!

அம்மனைக் கும்பிட்டதும் திரும்பிவிடாதீங்க. திரௌபதி அம்மன் சன்னிதிக்குப் போங்க, அரவான் தலையையும் பாருங்க. தென்னார்க்காடு, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்த வழிபாடு அது. மதில் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் பசுக்கள் அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும், பேரப்பிள்ளைகள் இருந்தால் எண்ணச் சொல்லலாம்.

வெளியே வந்து அதே சாலையில் நாலு எட்டு வைத்தால் பச்சை நிறத்தில் ஜாமியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் தொடங்கியது. எங்கள் வீட்டில் பெரிய பள்ளி என்றுதான் சொல்வோம். சைனாடவுன் என்று பேர் வாங்கிய தெருவில் முதலில் வந்து உட்கார்ந்தவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. யாரும் சொல்வதில்லை.

மலைக்கோட்டை:
ரொம்ப நன்றி அக்கா. ஐப்பசி என்றதும் தீமிதி ஞாபகம் வந்தது. அன்றைக்கே வந்தால் அம்மா பார்க்க முடியுமா?

தஞ்சோங் பகார் அக்கா:
தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி வரும், தேதியைக் கோவிலில் கேட்டுக்கோங்க. இங்கே பூக்குழி இறங்குவது ஆண்கள் மட்டும். பெண்கள் கும்பிடுதண்டம் போடுவார்கள், அதாவது அடிக்கொரு தடவை விழுந்து கும்பிட்டுக்கொண்டே கோவிலைச் சுற்றுவார்கள். அன்றைக்கு உள்ளே நெருக்கும் நெருக்கத்தில் முழங்கால் வலிக்காரர் நிற்க முடியாது, பிடிவாதம் பிடித்தாலும் விட்டுக்கொடுக்காதீங்க.

அதற்குப் பதில் ஒன்று செய்யலாம். பக்தர்கள் புறப்படுவதே உங்கள் பக்கத்திலிருந்துதான்: சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவில். அங்கிருந்து மஞ்சள் உடுத்தி, வேப்பிலை பிடித்து, நாலு கிலோமீட்டர் நடந்தே மாரியம்மன் கோவிலுக்குப் போவார்கள். அம்மாவைச் சாலையோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்க. அம்மன் கோவிலுக்கு வேறொரு நாள் சாயங்காலம் போய்க்கலாம்.

கிளமெண்டி வாசி:
மடக்கு நாற்காலி லிட்டில் இந்தியா முஸ்தபா கடையில் வாங்கிக்கலாம். குடையும் எடுத்துக்கோங்க, ஐப்பசி மழை இங்கேயும் உண்டு.