ஆட்டம் தொடங்குமுன் வரும் லோகோக்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். 2005 வாக்கில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். நானும் தம்பியும் பத்து ரூபாயோடு போய் அரைமணி நேரம் மாற்றி மாற்றி விளையாடுவோம். அங்கே ஒரு கார் ரேஸ் கேம். திறந்ததும் வரிசையாக நான்கு லோகோ. எஸ்கேப், எண்டர், ஸ்பேஸ்பார், மவுஸ் என்று எதைத் தட்டினாலும் நகராது. ஒருநாள் வாட்சில் பார்த்தேன், 43 வினாடி. பழைய மெஷின் வேறு, அரைமணிக்குள் இரண்டு தடவையாவது ஹேங் ஆகும். ஆனால் மறுபடி அதே 43 வினாடி. தம்பியின் முறை வரும்போது பாதி நேரம் லோகோவிலேயே போயிருக்கும். அவன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒருநாள் இன்னொரு கேமைத் திறந்தால் 'எம்எஸ்எஸ்32.டிஎல்எல் இல்லை' என்று வந்தது. சென்டர் அண்ணன் பக்கத்து மெஷினிலிருந்து அதை ஃபிளாப்பியில் போட்டுக் கொண்டுவந்து ஒட்டினார், ஓடியது. அது என்ன ஃபைல் என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆனது. அதுதான் மைல்ஸ் சவுண்ட் சிஸ்டம், கேமுக்குள் ஒலியை ஓடவைக்கும் மென்பொருள். ஜான் மைல்ஸ் எழுதியது, 1995இல் ராட் கேம் டூல்ஸ் என்ற கம்பெனி வாங்கியது. கேம் அட்டையின் பின்பக்கம் எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில் அந்தப் பெயரும் 1991 என்ற வருடமும் இருக்கும். நாங்கள் கேட்ட இன்ஜின் உறுமல், டயர் கிறீச்சிடல் எல்லாம் அந்தச் சின்ன ஃபைல் வழியாக வந்தவை. அந்தப் பெயரை நான் அன்றே வாசித்திருக்க வேண்டும்.

·

அண்ணா, அந்தப் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? எம்பி3 தொழில்நுட்பம் ஃபிரான்ஹோஃபர், தாம்சன் உரிமத்தின் கீழ் என்று. அப்போது எம்பி3 இலவசம் இல்லை. 5000 பிரதிக்கு மேல் போகிற ஒவ்வொரு கேமுக்கும் 2500 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் ஓக் வோர்பிஸ் என்ற இலவச ஒலி வடிவம் வந்ததும் பல பேர் அந்தப் பக்கம் போனார்கள். எம்பி3 உரிமத் திட்டம் 2017இல்தான் முடிந்தது.

நான் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஒலி வேலை பார்க்கிறேன். எங்கள் முதல் கேமுக்கு எஃப்மாட் என்ற ஒலி மென்பொருளை எடுத்தோம். ஆஸ்திரேலியாவின் ஃபயர்லைட் டெக்னாலஜீஸ் செய்வது. அந்த இரண்டு பெயரும் கேமுக்குள் வர வேண்டும் என்பது நிபந்தனை. சந்தோஷமாகப் போட்டோம், லோகோவையும் சேர்த்தே. லோகோவைத் தாண்டும் பட்டனைப் பூட்டச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டது விளம்பர ஒப்பந்தம் போட்ட ஒரு ஹார்டுவேர் கம்பெனி. அவர்கள் லோகோ முழுசாக ஓட வேண்டும், தாண்ட விடக்கூடாது என்று கையெழுத்தானது. எனக்கு இரண்டும் ஒன்றில்லை. ஒன்று வேலை செய்தவருக்குத் தரும் மரியாதை, மற்றது வாடகைக்கு விட்ட சுவர்.

பின்னணியில் லோடிங் நடக்கிறது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. லோகோ ஓடும்போதுதான் நாங்கள் சவுண்ட் பேங்க்குகளை, அதாவது கேமின் ஒலிகள் அடங்கிய ஃபைல்களை, ஏற்றினோம். ஹார்டு டிஸ்க்கில் நேரம் சரியாக இருந்தது. எஸ்எஸ்டியில் இரண்டே வினாடியில் ஏறி முடிந்து, மிச்ச நேரம் சும்மா நின்றது. அடுத்த கேமில் நான் சண்டை போட்டு மாற்றினேன்: முதல் தடவை முழுசாக, பிறகு எந்தப் பட்டன் தட்டினாலும் மெனு.

·

பட்டன் பூட்டுவதை விடப் பெரிய கதை ஒன்று, தம்பிகளா. டூம் 3 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஈஏஎக்ஸ், அதாவது இடத்துக்கேற்ற எதிரொலி தரும் தொழில்நுட்பம், வந்தது எப்படித் தெரியுமா? அந்த கேமின் நிழல்களை வரைய அதன் புரோகிராமர் ஜான் கார்மேக் ஒரு முறையைக் கையாண்டார். அவர் தானாகவே கண்டுபிடித்ததுதான். ஆனால் அதே முறைக்கு சவுண்ட் பிளாஸ்டர் கார்டு செய்யும் கிரியேட்டிவ் கம்பெனி முன்பே காப்புரிமை வாங்கியிருந்தது. 2004இல் சமரசம்: நிழல் முறையைப் பயன்படுத்திக்கொள், பதிலுக்கு எங்கள் ஈஏஎக்ஸைச் சேர் என்று. நிழலுக்கு விலையாக ஒலி! 2011இல் டூம் 3 சோர்ஸ் கோடைத் திறந்துவிட்டபோதும் அந்த இடத்தை மாற்றி எழுதித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஈஏஎக்ஸ் மோசம் என்று சொல்ல வரவில்லை. செகண்ட் ஹேண்டில் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் லைவ் வாங்கிப் போட்ட ராத்திரி, ஹெட்போனில் ஒரு சுரங்கத்துக்குள் நடந்தேன். வெளியே சப்பென்று இருந்த காலடிச் சத்தம் உள்ளே போனதும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நின்றேன், திரும்ப வெளியே வந்தேன், மறுபடி உள்ளே போனேன். எதிரி வந்து சுட்டது கூட அப்புறம்தான் தெரிந்தது. பிறகு விண்டோஸ் விஸ்டாவில், கேம்கள் சவுண்ட் கார்டோடு பேசப் பயன்படுத்திய டைரக்ட்சவுண்டுக்கு ஹார்டுவேர் வழியை எடுத்துவிட்டார்கள், அந்த எதிரொலியும் போயிற்று. ஆல்கெமி என்று கிரியேட்டிவ் ஒரு மென்பொருள் கொடுத்ததால் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

·

லோகோவைத் தாண்ட ஒரு வழி: பழைய கேம் என்றால் ஃபோல்டருக்குள் .பிக் (.bik) ஃபைல்கள் இருக்கும், பிங்க் (Bink) என்ற வீடியோ வடிவம். லோகோ ஃபைலின் பெயரை மாற்றி வையுங்கள், அழிக்காதீர்கள். சில கேம் ஃபைல் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது.

·

முதலில் எழுதியவன்தான். பிங்க்கும் அதே ராட் கம்பெனிதானே! இன்று அந்தப் பழைய கார் கேமில் செய்து பார்த்தேன். நேரே மெனு. தம்பிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். "இன்னொரு தடவை திற" என்றான். திறந்தேன். இன்னொரு தடவை என்றான்.