சிங்களத்தில் ஒரு ஆராய்ச்சிப் படிவம்: அம்மா கையெழுத்துப் போடலாமா?

பொகவந்தலாவைப் பையன்
அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், சின்ன வயசிலிருந்தே வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் உண்டு. இப்போது கன்னத்துக்குள்ளே வெள்ளையாக ஒரு திட்டு, காரம் பட்டால் எரிகிறது. தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தில் குறையவில்லை. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள், அதோடு ஏதோ ஆராய்ச்சியாம், ஒரு படிவத்தைக் கொடுத்து அடுத்த கிளினிக்குக்கு ஒப்பம் வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். முழுக்கச் சிங்களம். ஒப்பம் வைக்காவிட்டால் மருந்து கிடைக்காதோ என்று அம்மாவுக்குப் பயம். என்ன செய்யலாம்?

கண்டி நர்ஸ் அக்கா
தம்பி, சதை எடுப்பதற்கான சம்மதம் வேறு, ஆராய்ச்சிக்கான சம்மதம் வேறு. கையில் இருப்பது எது என்று முதலில் கேளுங்கள். ஆராய்ச்சிக்கு மாட்டேன் என்றாலும் வைத்தியத்தைக் குறைக்கக் கூடாது, சேர்ந்துவிட்டு நடுவில் விலகவும் செய்யலாம். தமிழ்ப் படிவம் கேளுங்கள், அது சலுகை இல்லை, புரியாத தாளில் வாங்கிய ஒப்பம் சம்மதமே ஆகாது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், அந்த ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்ட வேண்டும். ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி இலக்கம் தகவல் தாளில் இருக்கும், பாருங்கள்.

சதைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றுநோய் இல்லை, ஆனால் கண்ணால் பார்த்து அதைச் சொல்லவும் முடியாது. புகையிலையை விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும்.

லயத்துக்காரன்
நான் என்றால் போடமாட்டேன். எங்கள் லயத்துக்கும் (தோட்டத்து வரிசை வீடுகள்) வந்து ரத்தம் எடுத்தார்கள், பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தார்கள், முடிவு என்ன என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை.

ஹட்டன் வாத்தியார்
@லயத்துக்காரன் கோபம் நியாயம்தான். ஆனால் இலங்கையின் 2016 குடித்தொகை சுகாதார ஆய்வில் தோட்டப்புறத்தைத் தனியாகக் கணக்கெடுத்ததால்தான், ஐந்து வயதுக்குட்பட்ட நம் பிள்ளைகளில் சுமார் 32 வீதம் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று எழுத்தில் இருக்கிறது, நாடு முழுக்க அது 17 வீதம். அது இல்லையென்றால் யாரிடம் எதை வைத்து வாதாடுவது?

1980களிலேயே இங்கே சாதாரண சுகாதார ஊழியர்களுக்குப் பழக்கி வாய்ப் புற்றுநோயைத் தேட வைத்தார்கள், அவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள், ஆனால் மேலே அனுப்பிய பலர் போகவே இல்லை. ஏன் என்று நமக்குத் தெரியாதா? கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் (நாள் கூலி) இல்லை, பஸ் காசு வேறு. ஆகவே தம்பி, போகிற நாளுக்குப் பயணச் செலவும் பேர்க் காசும் உண்டா, முடிவைத் தமிழில் சொல்வார்களா என்று ஆராய்ச்சிக்காரரிடமே கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பொகவந்தலாவைப் பையன்
நன்றி அக்கா, சேர். சதை எடுக்க அம்மா சம்மதித்துவிட்டார், மற்றத் தாளைத் தமிழில் தரும்வரை தொடப்போவதில்லை. கணக்கப்பிள்ளையிடம் லீவு கேட்பதுதான் இனிப் பெரிய வேலை.