ஆல் சீசன் ரயர் காணுமோ? உங்கட முதல் ஸ்னோ அனுபவத்தை எழுதுங்கோ

கொக்குவிலான், ஸ்காபரோ

நவம்பர் பிறந்திட்டுது. போன கிழமை என்ர பெறாமகன் போன் எடுத்தவன். புதுசா லைசென்ஸ் எடுத்து, பாவிச்ச கார் ஒண்டு வாங்கியிருக்கிறான். "சித்தப்பா, இதில ஆல் சீசன் ரயர் கிடக்கு, விண்டருக்கும் இது காணும்தானே?" எண்டு கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இஞ்சயும் எழுதுறன். மற்ற ஆக்களும் தங்கட கதையைச் சொன்னா, இந்த வருஷம் புதுசா வந்து இறங்கின பிள்ளையளுக்கு உதவும்.

நான் கனடா வந்து முதல் மூண்டு விண்டரும் ஆல் சீசனிலதான் ஓடினனான். பேரே எல்லாக் காலத்துக்கும் எண்டு சொல்லுது, பிறகென்ன எண்ட நினைப்பு. கார் வெளிக்கிடுறதில, ஓடுறதில ஒரு கரைச்சலும் இருக்கேல்லை. அதாலதான் மூண்டு வருஷம் எனக்கு விளங்கேல்லை.

நாலாவது வருஷம், டிசம்பர், விடியக் காலமை ஆறு மணி வேலைக்குப் போறன். மோர்னிங்சைட் றோட்டில, ஹைலண்ட் கிறீக் பள்ளத்துக்கு இறங்கிற இடம். இரவு கொஞ்சமாத்தான் ஸ்னோ கொட்டினது, ஒரு விரல் மொத்தம்கூட இல்லை. நாப்பதிலதான் இறங்கினனான். முன்னுக்கு பஸ் ஒண்டு தரிப்பில நிக்குது. பிரேக்கில காலை வைச்சன். பெடல் கடகடவெண்டு காலுக்குக் கீழ நடுங்குது, கார் நிக்கேல்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டினன், அதுவும் கேக்கேல்லை. வெட்டின பக்கம் திரும்பாமல் கார் நேராச் சறுக்கிப் போகுது. கடைசி நேரத்தில ரயர் எங்கயோ பிடிச்சு, கார் நடைபாதைக் கரையில ஏறி இடிச்சு நிண்டது. தரிப்பில ஒரு அம்மா சின்னப் பிள்ளையோட நிண்டவ. பிள்ளையின்ர ஜக்கெற் தொப்பியில பிடிச்சு அவ பின்னுக்கு இழுத்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. ஒரு றிம் வளைஞ்சதோட போச்சு. நான் இறங்கி அந்த அம்மாவிட்ட மன்னிப்புக் கேக்க வாயெடுத்தன், வார்த்தை வரேல்லை.

கராஜ் வைச்சிருக்கிற தம்பி என்னைப் பேசேல்லை. வெளியில குளிருக்குள்ள கிடந்த ரெண்டு ரயரைக் காட்டி, "அண்ணை, நகத்தால ஒருக்கா அமத்திப் பாருங்கோ" எண்டார். என்ர ரயர் கல்லு மாதிரி, நகம் இறங்கேல்லை. பக்கத்தில கிடந்த விண்டர் ரயர் பள்ளிக்கூடத்து அழிறப்பர் மாதிரி அமந்து குடுத்தது. அதோட, அதின்ர ஒவ்வொரு கட்டையிலயும் பிளேடால கீறின மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மெல்லிய வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் ஸ்னோவைக் கவ்விப் பிடிக்கிற ஒரு விளிம்பு எண்டு விளங்கப்படுத்தினார்.

ஸ்னோ கொட்டினாத்தான் விண்டர் ரயர் வேணும் எண்ட எண்ணம் அண்டைக்குத்தான் எனக்கு மாறினது. குளிர் 7 பாகைக்குக் கீழ போகத் தொடங்கினாலே சமர் ரயரின்ர றப்பர் இறுகி, றோட்டில பிடிப்புக் குறையுது. ஆல் சீசன் அதைவிடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். விண்டர் ரயரின்ர கலவை மைனஸ் 20இலயும் மெத்தெண்டு இருக்கிற மாதிரிச் செய்தது. அதால காய்ஞ்ச றோட்டிலயும் குளிருக்குள்ள அது கெதியா நிக்கும்.

வாங்கேக்க பேரைப் பாக்காதேங்கோ, ரயரின்ர பக்கவாட்டைப் பாருங்கோ. மூண்டு சிகரமுள்ள மலையும் அதுக்குள்ள ஒரு பனிப்பூவும் போட்ட அடையாளம் இருக்கவேணும். ஸ்னோவில சோதிச்சு ஒரு அளவு தாண்டின ரயருக்குத்தான் அது குடுக்கிறவை, 1999இல வந்தது. எம் பிளஸ் எஸ் (M+S) எண்டு மட்டும் போட்டிருந்தா, சேறுக்கும் ஸ்னோவுக்கும் ஏற்ற மாதிரி வெட்டு அமைஞ்சிருக்கு எண்டு செய்தவை சொல்லுகினம். அதுக்குச் சோதனை கட்டாயமில்லை. என்ர பழைய ரயரிலயும் எம் பிளஸ் எஸ் இருந்தது.

லாவல்வாசி, மொன்றியல்

அண்ணை சொன்னது நூறு வீதம் சரி. எங்கட கியூபெக் மாகாணத்தில இது சட்டம். 2008இல வந்தது. டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 மட்டும் மலை அடையாளம் உள்ள ரயர் இல்லாமல் ஓடினா 200 தொடக்கம் 300 டொலர் தண்டம். முந்தி டிசம்பர் 15இலதான் தொடங்கினது, 2019இல முன்னுக்குக் கொண்டு வந்தவை.

சட்டம் வர முந்தி நான் விட்ட பிழை வேற. காசு மிச்சம் பிடிக்க, முன் சில்லு இழுக்கிற கார்தானே எண்டு முன்னுக்கு ரெண்டு விண்டர் ரயர் போட்டன், பின்னுக்குப் பழசு. ஹைவேயில இருந்து இறங்கிற வளைவில ஆக்சிலறேற்றரில இருந்து காலை எடுத்தன், முன்பக்கம் பிடிச்சுது, பின்பக்கம் கழண்ட மாதிரி சுத்தி வந்தது. வந்த பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். பின்னால பாரவண்டி ஒண்டும் வராதது என்ர மனுசி பிள்ளையளின்ர அதிர்ஷ்டம். போட்டா நாலும் போடுங்கோ. வசதி இல்லையெண்டா நாலும் மலிவானதாப் போடுங்கோ, ரெண்டு விலை கூடினது வேண்டாம்.

கோவைப்பையன், ஸ்டுட்கார்ட்

இங்க ஜெர்மனியில கொஞ்சம் வேற மாதிரிங்க. தேதி வச்சு சட்டம் கிடையாது. ரோட்டுல பனி, ஐஸ், சேறா உருகின பனி இருந்தா அதுக்கான டயர் இருக்கணும், இல்லேன்னா 60 யூரோ அபராதமும், லைசென்ஸ் கணக்குல ஒரு தண்டனைப் பாயிண்டும். அக்டோபர்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும்னு மக்கள் ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ரெண்டுமே ஜெர்மன்ல ஓ எழுத்துல தொடங்கறதால "ஓ முதல் ஓ வரை"ம்பாங்க.

நான் ஏமாந்தது எம் பிளஸ் எஸ்லதான். 2024 அக்டோபர்ல ஒரு பழைய கார் வாங்கினேன். விற்றவர் "விண்டருக்கு ஓகே, முத்திரை இருக்கு பாருங்க"ன்னு காட்டினார். நானும் நம்பிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் குனிஞ்சு பார்த்துட்டு, "தம்பி, இது போன மாசத்தோட செல்லாது"ன்னார். 2017 முடியறதுக்குள்ள செஞ்ச டயருக்கு மட்டும் எம் பிளஸ் எஸ் போதும்னு விட்டு வச்சிருந்தாங்க, அந்தச் சலுகை 2024 செப்டம்பர் 30ஓட முடிஞ்சது. டயர் வயசையும் அவர்தான் படிக்கச் சொல்லிக் குடுத்தார். டயர் பக்கவாட்டுல டாட் (DOT)னு தொடங்கற வரியோட கடைசியில நாலு எண் இருக்கும். என்னோடதுல 3816. 2016ஆம் வருஷம் 38ஆவது வாரம் செஞ்சது. எட்டு வருஷ ரப்பருங்க அது!

இப்ப மலை முத்திரை உள்ள, வருஷம் முழுக்க ஓட்டற டயர் போட்டிருக்கேன். ஊருக்குள்ள மட்டும் ஓட்டறேன், ரெண்டு குளிர்காலம் நல்லாவே போச்சு. கருங்காட்டு மலைக்கு வாராவாரம் போறவங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

மல்லிகைப்பந்தல், மிசிசாகா

கோவைத் தம்பி சொல்லுற மாதிரி ரயருக்கு இஞ்ச கனடாவில ஆல் வெதர் எண்டு பேர். ஆல் சீசனும் ஆல் வெதரும் ஒண்டெண்டு நினைச்சு ஏமாறுற ஆக்கள் கனபேர். ஆல் வெதரில மலை அடையாளம் இருக்கும்.

நான் நேர்ஸ், இரவு வேலை. இருக்கிறது தொடர்மாடியில, நாலு ரயரை வைக்க இடமில்லை. வருஷத்தில ரெண்டு தரம் மாத்த கராஜில போய் நிக்க நேரமும் இல்லை. அதால ஆல் வெதர் போட்டன். ஐஸில விண்டர் ரயர் மாதிரிப் பிடிக்காதுதான், நான் இடைவெளி கூட விட்டு ஓடுறன். இரவு முழுக்க நிண்டு வேலை செய்திட்டு வீட்டை போற என்னை மாதிரி ஆக்களுக்கு, ஆல் சீசனோட ஓடுறதைவிட இது எவ்வளவோ மேல்.

கடலோரம், வன்கூவர்

எங்கட நகரத்தில பெரும்பாலும் மழைதான். கம்லூப்ஸ் பக்கம் கோக்கஹாலா மலைப்பாதையில ஏறினா நிலைமை வேற. அக்டோபர் 1 தொடக்கம் ஏப்ரல் 30 மட்டும் விண்டர் ரயர் கட்டாயம், வெட்டு ஆழம் 3.5 மில்லிமீற்றர் இருக்கவேணும். சட்டப்படி எம் பிளஸ் எஸ்ஸும் காணும். நான் அதோட ஒருக்காப் போனன். இனிமேல் போகமாட்டன்.

என்ர இப்பத்தைய காருக்கு நாலு சில்லும் இழுக்கும். அதுக்கும் விண்டர் ரயர் வேணுமோ அண்ணை?

கொக்குவிலான், ஸ்காபரோ

வேணும் தம்பி. நாலு சில்லும் இழுத்தா ஸ்னோவுக்குள்ளால வெளிக்கிட்டுப் போகலாம். பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லிலதானே. நிக்கிறது ரயரின்ர கையில.

தங்கச்சி, நீங்கள் யோசிச்சுத்தான் முடிவெடுத்திருக்கிறியள். பரி, சட்பரி எண்டு வடக்கு ஊருகளுக்கு அடிக்கடி போறவை ஆல் வெதரை நம்பாமல் விண்டர் ரயரே போடுங்கோ.

இன்னும் ரெண்டு மூண்டு விசயம். குளிர் 5, 6 பாகை இறங்க ரயர் காத்தழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (காத்து அளக்கிற அலகு) குறையும். 20 பாகையில 33 அடிச்சு வைச்சா மைனஸ் 15இல 27 அளவிலதான் நிக்கும், அதால குளிருக்குள்ள ஒருக்கா அளந்து பாருங்கோ. சில்லு மாத்தி நூறு கிலோமீற்றருக்குள்ள நட்டைத் திருப்பி இறுக்குங்கோ. ஏப்ரல் கடைசியில கழட்டிப் போடுங்கோ, வெய்யிலில விண்டர் ரயர் கெதியாத் தேயும், பிரேக்கும் நல்லா நிக்காது. ஒன்ராறியோவில இருக்கிறவை இன்சூரன்ஸுக்கும் சொல்லுங்கோ. 2016இல இருந்து நாலு விண்டர் ரயர் போட்டவைக்கு இன்சூரன்ஸ்காரர் கட்டாயம் விலைக்கழிவு குடுக்கவேணும், நாங்கள் சொல்லாட்டி அவைக்குத் தெரியாது.

பெறாமகன் சனிக்கிழமை வந்தவன். போன் வெளிச்சத்தைப் பிடிச்சு, முழங்காலில இருந்து, நாலு ரயரையும் விரலால தடவித் தடவிப் பாத்தான். மலை இல்லை. கராஜில வியாழக்கிழமைக்குத்தான் இடம் கிடைச்சுது. அதுமட்டும் பஸ்ஸில போறானாம், கார்த் திறப்பை என்னட்டத் தந்திட்டுப் போயிட்டான்.