புதுக் கைத்துப்பாக்கி: 9 எம்எம்மா, .32வா? அவசரம்

சில்வர்ஓக் | செவ்வாய், இரவு 9.40
வணக்கம். புதுசாக பிஸ்டல் வாங்கப் போகிறேன், லைசென்ஸ் வந்துவிட்டது. தோட்டா அளவு 9 எம்எம் நல்லதா, .32 நல்லதா? யூடியூபில் எல்லோரும் 9 எம்எம்தான் என்கிறார்கள். .32 பொம்மைத் துப்பாக்கியாம். கடைக்காரர் .32 ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார், 10,000 அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும்.

பத்துமீட்டர் | இரவு 9.52
எதற்கு வாங்குகிறீர்கள்? போட்டிக்கா, வீட்டுக்கா? எந்த ஊர்? இதற்கு முன் சுட்டுப் பழக்கம் உண்டா?

குப்பனூர்வளைவு | இரவு 10.05
லைசென்ஸ் யார் பெயரில்? வீட்டில் வேறு துப்பாக்கி இருக்கிறதா?

பழைய ஹவில்தார் | இரவு 10.31
மாதத்துக்கு ஒருவர் இந்தக் கேள்வியோடு வருகிறார். தம்பி, யூடியூபில் பேசுகிறவர் டெக்சாஸில் இருக்கிறார், நீங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள். இங்கே 9 எம்எம் பி.பி., அதாவது தடை செய்யப்பட்ட போர் (குழல் அளவு). போலீஸும் ராணுவமும் வைத்திருக்கும் தோட்டா அது. அதற்கு அனுமதி டெல்லியில் உள்துறை அமைச்சகம் கொடுக்க வேண்டும், கலெக்டரோ கமிஷனரோ கொடுக்க முடியாது. உங்கள் கையில் இருப்பது என்.பி.பி., அதாவது தடை இல்லாத போருக்கான லைசென்ஸாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு 9 எம்எம் கேட்பது, டூவீலர் லைசென்ஸை நீட்டி லாரி சாவி கேட்கிற மாதிரி. 22 வருடம் துப்பாக்கியோடு தூங்கி எழுந்தவன் சொல்கிறேன். லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்துப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

சில்வர்ஓக் | இரவு 10.44
சரிங்க. அப்போ .32 பரவாயில்லையா? அதையாவது சொல்லுங்கள்.

பத்துமீட்டர் | இரவு 11.10
ஹவில்தார் அண்ணன் சொன்னது சரி, சொன்ன விதம்தான் வழக்கம் போல. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை, இருந்தாலும் பொதுவாகச் சொல்கிறேன்.

.32 பிஸ்டல் தோட்டா ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1899இல் வந்தது. குண்டு 4.6 கிராம், குழல் வாயை விட்டு வெளியேறும்போது 170 ஜூல் வாக்கில் ஆற்றல். 9 எம்எம் அதற்கு மூன்று வருடம் இளையது. குண்டு ஏழரை கிராம், ஆற்றல் 450க்கு மேல். காகிதத்தில் பார்த்தால் .32 பாவம்தான். ஆனால் பதற்றத்தில் கை நடுங்கும்போது ஐந்து அடி தள்ளிப் போகிற 9 எம்எம்மை விட, நினைத்த இடத்தில் விழுகிற .32 மேல்.

என்னைக் கேட்டால் .22 ரிவால்வரையும் பாருங்கள். நிடார் என்று ஒன்று உள்நாட்டிலேயே செய்கிறார்கள், கால் கிலோதான் எடை. உதைப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது, கிளப்பில் சேர்ந்து நிறையச் சுட்டுப் பழகலாம்.

பழைய ஹவில்தார் | இரவு 11.18
.22 ரிம்ஃபயர். பற்றவைக்கிற மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது, ஊசி விளிம்பில் எங்கே அடிக்கிறதோ அங்கே மருந்து சரியாகப் பரவியிருக்காவிட்டால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போட்டியில் டிக் என்றால் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுவீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்?

பத்துமீட்டர் | இரவு 11.21
ரிவால்வரில் இன்னொரு முறை விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வருகிறது அண்ணா. 22 வருடத்தில் அதை யாரும் சொல்லவில்லையா?

வெர்னியர் | புதன், காலை 6.15
ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. .32 என்பது ஒரே தோட்டா இல்லை. பிஸ்டலுக்கு ஒன்று, ரிவால்வருக்கு ஒன்று. இரண்டுக்கும் சில இடங்களில் 7.65 என்றே எழுதுவார்கள், குழப்பம் அங்கேதான். பிஸ்டல் தோட்டா 7.65 x 17, ரிவால்வர் தோட்டா 7.65 x 23. பெட்டியில் பெருக்கல் குறிக்குப் பின்னால் இருக்கிற எண்ணைப் பாருங்கள்.

எங்கள் மாமா வீட்டில் இரண்டும் பார்த்திருக்கிறேன், அவரிடம் லைசென்ஸ் உண்டு. இரண்டின் அடியிலும் கேஎஃப் என்று பொறித்திருக்கும், புனே பக்கத்துக் கட்கி தோட்டாத் தொழிற்சாலை சரக்கு. பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று சுண்டுவிரலின் மேல் கணு அளவு, மற்றது அதை விட அரை நகம் உயரம். சிக்கல் என்னவென்றால் பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். போகிறதே என்று சுட்டுவிடக் கூடாது. பிஸ்டல் தோட்டாவின் அழுத்தம் அதிகம், பழைய ரிவால்வர் தாங்காது. அதனால் முதலில் பிஸ்டலா ரிவால்வரா என்று முடிவு செய்யுங்கள்.

குப்பனூர்வளைவு | காலை 7.02
அப்புறம், போன வருடம் செப்டம்பர் 22க்கு முன்னால் யாராவது விலை சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். 2025இல் அந்தத் தேதியிலிருந்து கைத்துப்பாக்கிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 40 விழுக்காடு. அட்வான்ஸ் ரசீதில் வரியோடு எழுதியிருக்கிறார்களா, வரி தனியா என்று பாருங்கள்.

மறுபடியும் கேட்கிறேன், லைசென்ஸ் யார் பெயரில்?

சில்வர்ஓக் | மதியம் 1.20
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். ஏற்காட்டில் நாகலூர் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் காபி, மிளகு. அப்பா அங்கே தனியாக இருக்கிறார், வயது 71. போன சீசனில் பறித்துக் காய வைத்த மிளகை ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவருக்காகத்தான் வாங்குகிறேன். நான் சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் இருக்கிறேன், வாரக்கடைசியில் மேலே போவேன். லைசென்ஸ் என் பெயரில். காட்டெருமையும் வருகிறது, அதற்கும் ஆகும் என்று நினைத்தேன்.

குப்பனூர்வளைவு | மதியம் 1.34
அண்ணா! இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா?

முதலில் காட்டெருமை. அது முக்கால் டன் கனத்துக்கும் வளரும். .32 அதன் தோளில் பட்டால் கொசு கடித்த மாதிரி, ஆனால் கொசுவைத் தேடி அது உங்களிடம் வரும். அதோடு 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. சுட்டால் மிளகு போனதெல்லாம் பெரிய விஷயமாகவே தெரியாது, நேராக உள்ளே. எங்கள் தோட்டத்துக்கும் வரும். டார்ச்சை அடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம், விடிந்தால் போய்விடும்.

இரண்டாவது, லைசென்ஸ் உங்கள் பெயரில், நீங்கள் கீழே, அப்பா மேலே. அந்தத் துப்பாக்கியை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் இருபது வளைவும் இறங்கி வந்தால், அவர் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. அப்பா, மகன் என்பதெல்லாம் ஆயுதச் சட்டத்தில் செல்லாது. உங்கள் முகவரி சேலம் நகரம் என்றால் கொடுத்தது கமிஷனர் அலுவலகமாக இருக்கும். ஏற்காட்டுக்குக் கலெக்டர். அப்பா பெயரில் அங்கே தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சில்வர்ஓக் | மதியம் 1.41
அப்பாவிடம் தாத்தா காலத்து இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் இருக்கிறது. அவர் பெயரில்தான். அது கனமாக இருக்கிறது என்று தொடுவதே இல்லை.

பழைய ஹவில்தார் | மதியம் 2.05
அதை எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாரா? இல்லை, தோல் உறையில் போட்டு பீரோவுக்கு மேல் வைத்திருக்கிறாரா? ஏற்காட்டு மூடுபனியில் தோல் உறை ஈரத்தைக் குடித்துக்கொண்டு துப்பாக்கிக்கு ஊட்டும். ஒரு மழைக்காலம் போதும், குழல் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்துவிடும். நீங்கள் .32 வாங்கினாலும் இதே கதைதான். உறை இடுப்பில் மாட்ட மட்டும், வைப்பதற்கு இல்லை.

கேள்விக்கு வருகிறேன். பிஸ்டல் வேண்டாம். 71 வயதுக்காரர் ஸ்லைடை இழுத்து, பாதுகாப்பு விசையை நீக்கி, மேகசின் ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்து... ரிவால்வர் என்றால் எடுத்தால் ஆச்சு. நிர்பீக் என்கிற உள்நாட்டு .32 ரிவால்வர் அரைக் கிலோதான் எடை, டைட்டானியம் கலவை, 2014இல் வந்தது. லைசென்ஸ் அவர் பெயரில் வாங்கிய பிறகு. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி வரை 2019 திருத்தம் அனுமதிக்கிறது, இரட்டைக்குழலோடு சேர்த்துக் கணக்கு சரியாக வரும்.

பத்துமீட்டர் | மதியம் 2.30
டபுள் ஆக்ஷன், அதாவது ஒரே இழுப்பில் சுத்தியலைத் தூக்கி அடிக்கவும் விடுகிற ரிவால்வரின் விசை எவ்வளவு கனம் என்று 71 வயது விரலைக் கேட்டுப் பாருங்கள். கடையில் காலியாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், பிஸ்டல், ரிவால்வர் இரண்டையும். வேறு எந்த அறிவுரையும் அதற்கு ஈடாகாது. என்னுடையதையும் சேர்த்துத்தான்.

கறார் கணக்கு | மாலை 4.48
நடுவில் ஒரு சந்தேகம். .32 அங்குலம் என்றால் 25.4ஆல் பெருக்க 8.13 மிமீ வருகிறது. 7.65 என்று ஏன் சொல்கிறார்கள்? யாரோ எங்கேயோ ஏமாற்றுகிறார்கள்.

வெர்னியர் | மாலை 5.10
யாரும் ஏமாற்றவில்லை. குழல் உள்ளே திருகு வரி இருக்கிறது. மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்தால் 7.65 பக்கம் வரும், பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் கூடும். குண்டு பள்ளத்தை நிரப்ப வேண்டும், அதனால் குண்டின் விட்டம் 7.94. .32 என்பது பெயர், அளவு இல்லை.

கறார் கணக்கு | மாலை 5.15
பெயருக்கு எதற்குப் புள்ளி? நாங்கள் வெள்ளியில் மில்லிகிராம் பார்க்கிற ஊர் ஐயா. கொலுசில் இப்படிப் போட்டால் கடையை மூடிவிடுவார்கள்.

பழைய ஹவில்தார் | மாலை 5.40
.38 ஸ்பெஷலின் குண்டு .357 அங்குலம்தான். அதற்கும் அழுவீர்களா?

கறார் கணக்கு | மாலை 5.44
அழ மாட்டேன். குறித்து வைத்துக்கொள்கிறேன்.

வெர்னியர் | மாலை 6.02
பழைய காலத்தில் குண்டும் தோட்டாக் கூடும் வெளியே ஒரே விட்டத்தில் இருந்தன, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு குண்டு கூட்டுக்குள் இறங்கி மெலிந்தது, பெயர் மெலியவில்லை.

குப்பனூர்வளைவு | இரவு 8.20
கேள்வி கேட்டவரை விட்டுவிட்டோம். சில்வர்ஓக் அண்ணா, அப்பாவுக்கு முதலில் ரெண்டு நல்ல நாய், களத்தைச் சுற்றி அசைவு பார்த்து எரிகிற விளக்கு, மிளகு வைக்கிற அறைக்கு ஒரு கனமான பூட்டு. எங்களுக்கு அதற்கப்புறம் திருட்டு இல்லை. துப்பாக்கி என்று போனால் இன்னொன்றும் இருக்கிறது, தேர்தல் அறிவிப்பு வந்தால் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த வாரங்களில் திருடன் விடுமுறையில் போக மாட்டான்.

பழைய ஹவில்தார் | இரவு 8.33
நாய் வேண்டும் என்பவர்கள் நாய் இழைக்குப் போகலாம். இங்கே கேட்டது துப்பாக்கி.

பத்துமீட்டர் | வெள்ளி, காலை 10.15
சில்வர்ஓக், நாளை சனிக்கிழமை. என்ன முடிவு? புத்தகத்தில் பிஸ்டல் என்று இருக்கிறதா, ரிவால்வர் என்றா?

சில்வர்ஓக் | ஞாயிறு, இரவு 9.05
.32 பிஸ்டல் / ரிவால்வர் என்றே இருக்கிறது. கடையில் அட்வான்ஸைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள், ஆறு மாதம் வைத்திருக்கிறோம் என்றார்கள். இப்போதைக்கு எதுவும் எடுக்கவில்லை. அப்பாவிடம் அவர் பெயரில் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன், அவர் பேசவில்லை. இரட்டைக்குழலைத் தோல் உறையிலிருந்து எடுத்தோம், ஹவில்தார் சார் சொன்னதுதான். உள்ளே குழி. நன்றி எல்லோருக்கும்.

பழைய ஹவில்தார் | இரவு 9.11
எந்தக் குழல், இடதா வலதா? எவ்வளவு ஆழம்? அதை வைத்துச் சுட வேண்டாம். டார்ச் அடித்துப் படம் எடுத்துப் போடுங்கள்.

வெர்னியர் | திங்கள், காலை 6.40
மாமா வீட்டில் மறுபடி அளந்தேன். 7.94 இல்லை, 7.95.

கறார் கணக்கு | காலை 6.52
பார்த்தீர்களா.