9ஆவது நகர்த்தலில் பிழை காட்டுது, அவசரம்

உவர்மலை64:
பழைய சதுரங்க ஆட்டம் ஒண்டின்ர ஸ்கோர் ஷீட்டை (நகர்த்தல்களை எழுதின தாள்) கணினியில ஏத்துறன். 9ஆவது நகர்த்தலில செல்லாது எண்டு நிண்டுபோகுது. எழுத்துத் தெளிவு, பத்துத் தரம் பார்த்திட்டன். நாளைக்குள்ள வேணும்.

கிண்ணியா_கோட்டை:
வெள்ளையின்ர 9ஓ, கறுப்பின்ர 9ஓ? என்ன மென்பொருள்?

சாம்பல்தீவு:
8இல காஸ்லிங்கோ (ராசாவும் கோட்டையும் ஒரே நகர்த்தலில இடம் மாறுறது)? அப்ப அதுதான். ஃபிடே (உலக சதுரங்கச் சம்மேளனம்) விதியில அதைப் பூச்சியத்தால எழுதுறது. கணினியில ஆட்டத்தைச் சேமிக்கிற பிஜிஎன் கோப்பில ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஓ’ வரவேணும். மாத்திப் பாருங்கோ.

மூத்த_நடுவர்:
நகர்த்தலை எழுதாமல் உதவி கேட்கக் கூடாது, இது அடிப்படை. ஷீட் எந்த ஆண்டு? 1981இல இருந்து ஃபிடே அல்ஜிப்ரா முறையை (கட்டத்தை ஈ4 மாதிரி எழுத்தாலயும் எண்ணாலயும் சொல்லுறது) மட்டும்தான் ஏற்குது. அதுக்கு முந்தினது வரிசையளைக் காய்களின்ர பெயரால சொல்லுற பழைய இங்கிலீஷ் முறையாய் இருக்கலாம். அதில கறுப்பு தன்ர பக்கத்தில இருந்து எண்ணும். கறுப்பின்ர எண்ணை 9இல இருந்து கழிக்க வேணும்: ‘காலாள்–ராசா 4’ எண்டால் ஈ5.

உவர்மலை64:
1974. பழைய முறைதான். கழிச்சுத்தான் போட்டனான், காஸ்லிங்கும் எழுத்து ‘ஓ’தான். பிழை வெள்ளையின்ர 9இல: ‘காலாள்–பிஷப் 4’. சி4 போட்டன்.

சாம்பல்தீவு:
எண்டாலும் காஸ்லிங்கை ஒருக்காப் பாருங்கோ.

நிலாவெளி_குதிரை:
தம்பி, முதல் 8ஐயும் போடுங்கோ.

உவர்மலை64:
ஈ4 சி5, குதிரை எஃப்3 குதிரை சி6, டி4 காலாள் வெட்டு, குதிரை வெட்டு குதிரை எஃப்6, குதிரை சி3 டி6, பிஷப் ஜி5 ஈ6, ராணி டி2 பிஷப் ஈ7, வெள்ளை நீளக் காஸ்லிங், கறுப்புக் குட்டைக் காஸ்லிங்.

நிலாவெளி_குதிரை:
ஷீட் சரி, நீங்கள் மாத்தினதுதான் பிழை. அந்த முறையில சி வரிசையும் எஃப் வரிசையும் ரெண்டும் பிஷப் வரிசை. ஒரு காய்தான் போக ஏலுமெண்டால் ராசாப் பக்கமோ ராணிப் பக்கமோ எண்டு எழுதமாட்டினம். சி2 காலாளுக்கு முன்னால, சி3இல குதிரை நிக்குது. எஃப்3 குதிரை டி4க்குப் போனதால எஃப்2 காலாளுக்கு வழி திறந்திருக்கு. ஆகவே எஃப்4. இனி ‘பிஷப்’, ‘குதிரை’, ‘கோட்டை’ எண்டு மொட்டையா வாற ஒவ்வொரு வரிசைக்கும் ரெண்டு பக்கமும் பாருங்கோ. ‘காலாள் வெட்டு காலாள்’ இன்னும் மோசம், வெட்டுற கட்டமே இராது. ரெண்டும் செல்லுமெண்டால் ஒண்டைப் போட்டுக் கடைசிமட்டும் ஓட்டுங்கோ. பிழையானது பெரும்பாலும் ஐந்தாறு நகர்த்தலுக்குள்ள முட்டிக்கொண்டு நிக்கும்.

கிண்ணியா_கோட்டை:
எங்கட பிள்ளையள் தமிழ் எழுத்திலயே எழுதலாம். அவரவர் மொழிப் பெயரின்ர முதலெழுத்தைப் போட ஃபிடே விதியே இடம் குடுக்குது.

மூத்த_நடுவர்:
ராசாவுக்கும் ராணிக்கும் ‘ரா’ தானே? நடுவர் எப்பிடி வாசிக்கிறது?

கிண்ணியா_கோட்டை:
அரசனுக்கு ‘அ’, ராணிக்கு ‘ரா’. கோட்டை ‘கோ’, குதிரை ‘கு’. இங்கிலீஷிலயும் ராசாவும் குதிரையும் ஒரே எழுத்தில தொடங்கினதாலதானே குதிரைக்கு ‘என்’ குடுத்தவை?

மூத்த_நடுவர்:
கணினியில ஏத்தேக்க திரும்ப இங்கிலீஷுக்கு மாத்தவேணும். ரெட்டை வேலை, பிழையும் கூடும்.

கிண்ணியா_கோட்டை:
ஷீட் ஆடுறவருக்கு, கணினிக்கில்லை.

உவர்மலை64:
எஃப்4 சரி. 22இல ஒரு ‘கோட்டை–ராணி 1’உம் அப்பிடித்தான், ரெண்டு கோட்டையும் போகலாம். எச்1 கோட்டையைப் போட்டவுடன கடைசிமட்டும் ஓடிச்சு. நன்றி.