கட்டுமானப் பொருள் மறுபயன்பாடு: உமிழ்வுக் குறைப்பை இருமுறை எண்ணாமல் கணக்கிடுவது எப்படி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இடிக்கப்படும் கட்டடங்களின் எஃகையும் கான்கிரீட்டையும் மீண்டும் பயன்படுத்தினால் 2050 வரை எவ்வளவு கார்பன் உமிழ்வு குறையும் என்பதைக் கணிக்கும் மாதிரி ஒன்றை உருவாக்கி வருகிறேன். கட்டடங்களின் ஆயுட்காலத்தை வெய்புல் பரவலாக (எத்தனை ஆண்டுகளில் எத்தனை கட்டடங்கள் முடிவுக்கு வரும் என்பதைக் காட்டும் நிகழ்தகவுப் பரவல்) கொண்டு ஆண்டுதோறும் வெளிவரும் இடிபாட்டைக் கணிக்கும் பகுதி ஓரளவு முடிந்துவிட்டது.

பலனை எந்தக் கட்டடத்தின் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். பழைய எஃகு உத்தரம் ஒன்று வருங்காலத்தில் மறுபயன்பாட்டுக்குச் செல்வதால் கிடைக்கும் பலனை, கட்டுமானப் பொருள்களின் சுற்றுச்சூழல் தாக்கத்தை அறிவிப்பதற்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 15804, கட்டடத்தின் ஆயுளுக்கு அப்பால் கிடைக்கும் பலன்களுக்கான ‘டி’ தொகுதியில் தனியாகக் காட்டச் சொல்கிறது. அதையும், அவ்வுத்தரத்தைப் பெறும் புதிய கட்டடத்தின் குறைந்த உமிழ்வையும் கூட்டினால் ஒரே பலன் இருமுறை எண்ணப்பட்டுவிடுகிறது. தவிர, எஃகு உற்பத்தியே தூய்மையாகிக்கொண்டு வரும்போது, 2050இல் தவிர்க்கப்படும் உமிழ்வை இன்றைய உற்பத்தி முறையை வைத்து மதிப்பிடுவது மிகைப்படுத்தல் என்றே கருதுகிறேன்.

கான்கிரீட்டின் நிலை வேறு. சிமென்ட் உமிழ்வில் பாதிக்கும் மேல் சூளையில் சுண்ணாம்புக்கல் சிதைவதால் எழுவது. இடிபாட்டை நொறுக்கி ஜல்லியாக்குவது அதைத் தொடுவதே இல்லை. (குவாரிக்கும் குப்பைமேட்டுக்கும் அதனால் நன்மை உண்டு, ஆனால் அது தனிக் கணக்கு.) நொறுக்கிய துகள்கள் காற்றிலிருந்து உறிஞ்சும் கார்பன் டை ஆக்சைடை மட்டும் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

பொருள் ஓட்டப் பகுப்பாய்வையும் (எந்தப் பொருள் எவ்வளவு எங்கே செல்கிறது என்ற கணக்கு) வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டையும் (உற்பத்தி முதல் அகற்றல் வரை ஒரு பொருளின் சுற்றுச்சூழல் தாக்கக் கணக்கு) இணைத்துப் பணியாற்றியவர்கள், இந்த ஒதுக்கீட்டை எவ்வாறு கையாண்டீர்கள் என்றும், துகளின் அளவு, திறந்தவெளியில் கிடக்கும் காலம் ஆகியவற்றுக்கு எத்தகைய அனுமானங்களைக் கொண்டீர்கள் என்றும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.